வாரம் பத்து ரூபாய்

நான் தொண்டூரில் பள்ளிக்கூடம் போன காலத்தில் பாக்கெட் மணி என்ற பேச்சே கிடையாது. டவுசரில் பாக்கெட் இருந்தது, அதில் ஓட்டையும் இருந்தது. கைச்செலவுக்குக் காசு கேட்டால் அப்பா, "கைக்கு என்னடா செலவு?" என்பார். அதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

ஆனாலும் எங்களிடம் மல்லாட்டை இருந்தது. மணிலாக்கொட்டை என்பது எங்கள் செஞ்சிப் பக்கத்து வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. செடியைப் பிடுங்கிக் காய் ஆய்ந்து முடித்த கொல்லையில், மண்ணுக்குள் தங்கிப்போன காய் யாருக்கும் சொந்தமில்லை. பள்ளி விட்டதும் குச்சியோடு இறங்கி நோண்டுவோம். மடி நிறைந்ததும் நேரே ஆயா கடை. ஒரு கை மல்லாட்டைக்கு ஒரு கை பொரிகடலை என்பது ஒப்பந்தம். மல்லாட்டையை அள்ளும்போது முறமாக விரியும் ஆயாவின் கை, பொரிகடலையை அள்ளும்போது சங்கு மாதிரி சுருங்கிவிடும்.

என் மகனுக்கு இந்தக் கஷ்டம் வேண்டாம், வாராவாரம் பத்து ரூபாய் கொடுத்தால் பொறுப்பு வரும் என்றாள் என் மனைவி. முதல் ஞாயிறு ஒரு பத்து ரூபாய் நாணயம் கொடுத்தேன். ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தான். "செல்லாதாம்ப்பா."

கடைக்கு நானே போனேன். 14 வடிவங்களில் வந்த பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டதை விளக்கினேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். "அந்த பேங்க்காரரையே வந்து மிட்டாய் வாங்கிக்கச் சொல்லு சார்" என்றார்.

பத்து ரூபாய் நோட்டு எங்கே கிடைக்கிறது? "அடுத்த வாரம் சேர்த்துத் தரேன்டா" என்று சொல்லித் தொலைத்தேன்.

பாக்கி என்ற சொல் செஞ்சிக்கு ஆகாது. ஆற்காட்டு நவாப் கப்பப் பாக்கி கேட்க, தேசிங்கு ராஜன் மறுக்க, 1714-இல் சண்டை மூண்டு தேசிங்கே மாண்டுபோனார். என் வீட்டில் மகன் நவாப், நான் தேசிங்கு. தேசிங்குக்காவது குதிரை இருந்தது. என் வண்டிச் சாவியை மகன் ஒளித்துவைத்துவிட்டான்.

எங்கள் தெருவுக்கு வாராவாரம் குழு லோன் வசூலிக்க ஆள் வருவார். பையன் அதைத் திண்ணையில் உட்கார்ந்து பாடமாகப் படித்திருக்கிறான். மூன்றாவது வாரமும் நான் கைவிரித்ததும் நேரே அடுப்படிக்குப் போனான். "அப்பா கட்டலைன்னா நீ கட்டணும்மா. குழுன்னா அப்படித்தான்." பிள்ளைக்குப் பொறுப்பு வரும் என்று சொன்னவள், அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

எங்கள் ஊர்ப் பாறையில் சமணருக்காக வெட்டிய படுக்கை இருக்கிறது. ஒருவர் ஏவ, மோசி என்பவர் செய்தது என்று தமிழ்ப் பிராமியில் ஒரு வரி. ஏவியவர் பேர் உண்டு, செய்தவர் பேர் உண்டு, என்ன செலவானது என்று மட்டும் இல்லை. பெரிய மனசுக்காரர்கள். என் மகன் வெட்டிய கல்வெட்டு நடைக் கதவுக்குப் பக்கத்தில், கரித்துண்டால்: "அப்பா தரணும் 70."

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கும்படி அவரிடம் இவன் சொல்லி வைத்திருக்கிறான்.