வேகம் இரண்டு மடங்கு, விலை நாலு மடங்கு

கேள்வி: "40-ல போறதுக்கு 80-ல போனா ஆபத்து ரெண்டு மடங்குதானேம்மா" என்கிறான் பைக் ஓட்டும் என் மகன். என்ன சொல்ல?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: தம்பிக்குப் பாதி மார்க்தான்! நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது இயக்க ஆற்றல். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. பிரேக் பிடித்ததும் அத்தனையும் வெப்பமாகித் தீர வேண்டும். 40-ல் பத்து மீட்டரில் நிற்கும் வண்டிக்கு, அதே பிரேக்கில், 80-ல் நாற்பது மீட்டர் வேண்டும். மோதினாலோ, 40 என்பது இரண்டாம் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம்; 80 என்றால் எட்டாம் மாடி.

1720-களில் ஹாலந்து விஞ்ஞானி கிராவசாண்டே இதைச் சோதிக்கப் பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் போட்டுப் பார்த்தார். இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்தது நான்கு மடங்கு பள்ளம் பறித்தது. நியூட்டனைப் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்த எமிலி து ஷாத்லே, வேகத்தின் வர்க்கமே சரி என்று 1740-ல் நூல் எழுதி வாதாடினார். பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் மைரான் மறுத்து எழுதியபோது, அச்சிலேயே பதிலடி கொடுத்தார். அபாரமான துணிச்சல்!

அந்த நூலை அவர் யாருக்குச் சொல்வதுபோல் எழுதினார் தெரியுமா? தன் மகனுக்கு. நீங்களும் தயங்காமல் சொல்லுங்கள், அம்மா!