எ1 முதல் எ24 வரை ஆஜரா?

நீதிபதிக்கு நேர் கீழே, கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசை உண்டு. வருகிறவர் கண்ணுக்கு அது மேசையாகத் தெரியாது, அன்றைய வழக்குக் கட்டுகளின் அடுக்காகத்தான் தெரியும். அந்த அடுக்குக்குப் பின்னாலிருந்து தலை தெரியாமல் குரல் மட்டும் வந்தால், அவர்தான் பெஞ்ச் கிளார்க்.

புதுச்சேரி கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்தில் காலை பத்தரை மணிக்கு அவர் எண்ணைப் படிப்பார். டவாலி வாசலில் நின்று பெயரை மூன்று முறை கூவுவார். மூன்றாவது கூவலுக்கும் ஆள் வரவில்லை என்றால் பிடிவாரண்ட் என்று பேச்சு எழும். ஆள் டீக்கடையில் இருப்பார். "சார், பாஸ் ஓவர் சார், இதோ வந்துட்டார்!" என்று ஜூனியர் வக்கீல் கவுனைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். கிளார்க் தலை நிமிராமல் கட்டை அடுக்கின் அடிக்குத் தள்ளுவார். அரசியலமைப்பில் இல்லாத கருணை இது.

அவருடைய இலக்கியம் எல்லாம் கட்டுக்குள் இருக்கும் குறிப்புத்தாளில்தான். "அழைக்கப்பட்டது. எ1 ஆஜர். எ2 ஆஜரில்லை, 317 மனு அனுமதிக்கப்பட்டது. எ3 மீது பிடிவாரண்ட் நிலுவை. வாய்தா." ஒரு மனிதரின் ஐந்தாண்டு அலைச்சலை இவ்வளவு சுருக்கமாகச் சிறுகதைக்காரர்கள் யாரும் எழுதியதில்லை.

எ என்றால் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். எ1, எ2 வரை சமாளிக்கலாம். எ24 வரை போனால்? புதுச்சேரி அதையும் பார்த்திருக்கிறது. 2004 செப்டம்பர் 3ஆம் தேதி காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அதன் மேலாளர் சங்கரராமன் கொல்லப்பட்ட வழக்கை, 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செங்கல்பட்டிலிருந்து புதுச்சேரிக்கு மாற்றியது. நாட்டு மக்கள் எதிரிப் பட்டியலில் இருந்த காஞ்சி மடாதிபதிகள் பெயரைக் கவனித்தார்கள். எழுத்தர்கள் கவனித்தது வேறு: எதிரிகள் 24 பேர். ஒவ்வொரு வாய்தாவிலும் 24 பெயர் கூப்பிட வேண்டும். வராதவருக்கு, நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்கும் 317 மனு வேண்டும். அந்த மனுவுக்கு உத்தரவு, உத்தரவுக்குப் பதிவு. அதற்கு மேல் 189 சாட்சிகள். அவர்களில் 83 பேர் பிறழ் சாட்சி ஆனார்கள். சாட்சி பிறழலாம், அவர் பிறழ்ந்தது பதிவாகும் தாளில் பக்க எண் பிறழக் கூடாது. 2013 நவம்பர் 27 அன்று, வழக்கு நடக்கும்போதே இறந்துபோன ஒருவர் நீங்கலாக, 23 பேரும் விடுதலையானார்கள். விடுதலை கிடைக்காதது கட்டுகளுக்குத்தான்.

இந்த ஊரில் கிளார்க் வேலைக்கு இன்னொரு தனிச் சோதனை உண்டு: சட்டமே மாறிக்கொண்டிருக்கும். பிரெஞ்சுக் காலத்தில் இதே மாதிரி நாற்காலியில் 'கிரெஃபியே' உட்கார்ந்து 1810ஆம் ஆண்டின் பிரெஞ்சு தண்டனைச் சட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் ஊர் இந்தியாவோடு சேர்ந்தது. சட்டப் புத்தகம் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. இந்திய தண்டனைச் சட்டம் இங்கே அமலானது 1963 அக்டோபர் 1இல். உரிமையியல் நடைமுறைச் சட்டமோ 1968இல்தான் வந்து சேர்ந்தது. திருடனுக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே இந்தியச் சட்டம் கிடைத்துவிட்டது, வாய்க்கால் வரப்புத் தகராறுக்காரர் காத்திருந்தார்.

அந்தத் தண்டனைச் சட்டத்தையும் மனப்பாடம் செய்து, ஒரு தலைமுறை எழுத்தர்கள் 511 பிரிவுகளையும் தூக்கத்தில் சொல்லும் நிலைக்கு வந்து ஓய்வு பெற்றார்கள். அடுத்த தலைமுறை அரைத் தூக்கத்தில் இருக்கும்போது 2024 ஜூலை 1 வந்தது. கூடவே புதுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, மொத்தம் 358 பிரிவு. கொலைக்கு 302 போய் 103 ஆனது. ஊரே வசைச்சொல்லாக வைத்திருந்த 420, 318க்குள் போய் ஒளிந்துகொண்டது. புதுச் சட்டத்திலும் 302 இருக்கிறது: மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது, அதிகபட்சம் ஓராண்டு. ஜூலைக்கு முந்தைய குற்றம் பழைய சட்டப்படி, பிந்தையது புதுச் சட்டப்படி. இரண்டும் ஒரே அலமாரியில். கட்டின் முகப்பில் சட்டத்தின் பெயரை மாற்றி எழுதிவிட்டால், வாய்த்துடுக்குக்காரர் கொலைகாரராகிவிடுவார். கொலைகாரர் வெறும் வாய்த்துடுக்குக்காரராகி, ஜாமீனுக்கு ஆள் தேடத் தொடங்குவார்.

எண்களாவது தாளில் இருக்கின்றன. சான்றுப் பொருள்களுக்குக் கை கால் உண்டு. சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் மூட்டையைக் கொண்டுவந்து இறக்குவார். ரத்தம் காய்ந்த சட்டை, அரிவாள், ஒற்றைச் செருப்பு, உயிர் போன செல்போன். ஒவ்வொன்றுக்கும் அரக்கு முத்திரை, சீட்டு, எண், பதிவேட்டில் கையெழுத்து. வழக்கு முடிந்தாலும் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை அரிவாளை யாரும் தொடக் கூடாது. பொருள்களை நீதிமன்றத்திலும் காவல் நிலையத்திலும் தேவைக்கு மேல் தேங்க விடாதீர்கள் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002லேயே சொன்னது. புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு இன்னும் கறார்: பொருள் வந்த 14 நாளுக்குள் விவரப் பட்டியல், படமோ வீடியோவோ எடுக்க வேண்டும், அடுத்த 30 நாளுக்குள் அதை என்ன செய்வதென்று உத்தரவு. ஒற்றைச் செருப்பை எந்தக் கோணத்தில் படமெடுப்பது என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை.

கணினியும் வந்துவிட்டது. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண், அடுத்த வாய்தா கட்சிக்காரரின் செல்போனிலேயே தெரியும். ஆனாலும் அவர் மாடியேறி வந்து, "சார், செல்லுல பதினெட்டாம் தேதின்னு போட்டிருக்கு, நெசமா சார்?" என்று கேட்பார். கிளார்க் "ம்" என்றால்தான் அது தேதி.

இத்தனை எண்ணும் வீடுவரை கூடவே வரும். ஒரு கிளார்க் வீட்டில் மாலை டிவியில் எங்கோ 144 தடை உத்தரவு என்று செய்தி ஓடியது. மனுஷருக்குப் பொறுக்கவில்லை.

"தப்பு. தடை உத்தரவு இப்போ 163."

"அப்போ 144 என்னங்க?"

"அது ஜீவனாம்சம். பழைய 125."

அந்த அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"இன்னொரு தடவை நம்பரைச் சொல்லுங்க, எழுதி வெச்சுக்கறேன்."