பெட்டியும் அவர்களுடையது, செய்தியும் அவர்களுடையது

எண்பதுகளில் மெரினா பக்கத்தில் இருக்கும் எங்கள் நொச்சிக்குப்பத்து டீக்கடைக்குத் தினத்தந்தி வரும், தி.மு.க.வின் முரசொலி வரும். பிற்பாடு அ.தி.மு.க.வின் நமது எம்.ஜி.ஆரும் வந்தது. கடலுக்குப் போய்த் திரும்பியவர்கள் மீன் ஏலம் முடிந்ததும் அங்கே வந்து உட்காருவார்கள். பள்ளிக்கூடம் போகிற பையன் என்பதால் என்னை உரக்கப் படிக்கச் சொல்வார்கள். தி.மு.க. பேப்பர் எழுதியதை அ.தி.மு.க.காரரும் கேட்டாக வேண்டும். "இத நீ நம்புறியாண்ணே?" என்று ஒருவர் மடக்குவார், மற்றவர் பதில் சொல்வார். பேசி முடிப்பதற்குள் நடந்தது என்ன என்பது பாதியாவது பிடிபட்டுவிடும். காமராஜர் சாலையில் இருந்த வானொலி நிலையம் அரசாங்கத்தின் குரல் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நெருக்கடி நிலையைப் பார்த்த பெரியவர்கள், புயல் எச்சரிக்கையைக் கேட்டதும் படகை மேலே ஏற்றுவார்கள். அரசியல் செய்தியை மட்டும் நாலு பேரிடம் விசாரிப்பார்கள்.

1993-இல் தி.மு.க. பக்கம் சன் டிவி வந்தது, 1999-இல் அ.தி.மு.க. பக்கம் ஜெயா டிவி. 2001 ஜூன் 30 அதிகாலையில் மேம்பால வழக்கில் கலைஞர் கருணாநிதி கைதானார். 77 வயது முன்னாள் முதல்வரைப் போலீஸார் இழுத்துப் போவதைச் சன் டிவி திரும்பத் திரும்பக் காட்டியது. மத்திய அமைச்சர்கள் முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் போலீஸாரோடு மல்லுக்கட்டுவதை ஜெயா டிவி காட்டியது. எங்கள் குடியிருப்பு பிளாக்கில் ஒரு வீட்டில் அழுகை. எதிர்வீட்டில் "எல்லாம் நாடகம்" என்ற பேச்சு. இரண்டு வீட்டு ஆண்களும் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்கள்.

2006 தேர்தலில் தி.மு.க. இலவச கலர் டிவி தருவதாகச் சொன்னது, ஆட்சிக்கு வந்து தந்தது. 2007-இல் கலைஞர் டிவி தொடங்கியது. 2011-இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா, முடங்கிக் கிடந்த அரசு கேபிளுக்கு உயிர் கொடுத்து மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தார். 2018-இல் அ.தி.மு.க. பக்கம் நியூஸ் ஜெ வந்தது. ஏழை வீட்டுக்கு டிவி கிடைத்தது நல்லதுதான். ஆனால் பெட்டி, கேபிள், செய்தி மூன்றும் ஆள்கிறவர்கள், ஆள நினைக்கிறவர்கள் வழியாகவே வந்தால் அந்த வீட்டுக்கு உண்மை எந்த வழியாக வரும்?

இதன் வலி 2017 ஜனவரி 23 அன்று எங்களுக்குப் புரிந்தது. மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியிருந்த பிள்ளைகளைப் போலீஸ் கலைத்தபோது, ஓடி வந்தவர்களுக்குக் குப்பத்துப் பெண்கள் தண்ணீரும் இடமும் கொடுத்தார்கள். பக்கத்து நடுக்குப்பத்தில் மீன் சந்தை எரிந்தது. போலீஸாரே வாகனத்துக்குத் தீ வைக்கும் வீடியோக்கள் கைப்பேசிகளில் பரவின. டிவியிலோ "சமூக விரோதிகள்" என்ற வார்த்தை ஓடிக்கொண்டே இருந்தது. வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவர் போன் பண்ணி, "உங்க ஆளுங்கதான் கொளுத்துனாங்களாமே" என்றார். பார்த்த நான் சொன்னதைவிட, பார்க்காத சேனல் சொன்னது அவருக்குப் பெரிதாக இருந்தது.

டீக்கடைக் காலத்திலும் கட்சி இருந்தது, கட்சிப் பேப்பர் இருந்தது. ஆனால் படித்ததை எதிர்க்கட்சிக்காரர் முன்னால் நிறுத்திப் பார்க்கிற வழக்கமும் இருந்தது. இன்று கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் சேனலைப் பார்க்கிறார்கள். மறுத்துக் கேட்க எதிரே ஆள் இல்லை. இரவு விவாதத்தில் கேட்ட வசவு மறுநாள் ஏலத்தில் அண்ணன் தம்பி வாயில் வருகிறது.

அரசியல் கட்சிகளும் மாநில அரசுகளும் ஒளிபரப்பு, கேபிள் தொழிலில் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-இல் பரிந்துரைத்தது. 2012-இலும் 2014-இலும் அதையே வலியுறுத்தியது. எந்தக் கட்சியும் அதைத் தேர்தல் வாக்குறுதியாக்கியதாக நான் கேள்விப்படவில்லை, ஆக்கும் என்றும் நம்பவில்லை. அதனால் என் குப்பத்து மக்களிடமே கேட்கிறேன்: உங்கள் சேனலின் முதலாளி யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எதிர்க்கட்சிச் சேனலையும் கொஞ்ச நேரம் பாருங்கள். எந்த ஊர்ச் செய்தியாக இருந்தாலும் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரியுங்கள். நம்மைப் பற்றிப் பொய் வந்தபோது மற்றவர்கள் அப்படி விசாரிக்க வேண்டும் என்றுதானே நாம் ஆசைப்பட்டோம்.