ஹெர்குலிஸும் அம்பத்தூர்க்காரர்தான்

கேள்வி: ஐம்பது வயதுக்குப் பிறகு சைக்கிள் வாங்கியிருக்கிறேன். தெருவே சிரிக்கிறது. நீங்கள் ஓட்டுவதுண்டா?
– ஒரு வாசகர், பருத்திப்பட்டு

பதில்: சிரிப்பவர் வாசலில் கார் நிற்கிறதா? மாதத் தவணை கட்டுபவர், சிரித்துவிட்டுப் போகட்டும். உங்களுக்குப் பக்கத்து ஊர் அம்பத்தூர். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அங்கேதான் தொழிற்சாலை போட்டது. பர்மிங்காமில் பிறந்த ஹெர்குலிஸ் அம்பத்தூர்க்காரர் ஆனது அப்படித்தான். அந்த வட்டாரத்தில் சைக்கிளைப் பார்த்துச் சிரிப்பது, திருநெல்வேலியில் அல்வாவைப் பார்த்து முகம் சுளிப்பது மாதிரி.

நான் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவன்; முழங்காலில் அத்தாட்சி இருக்கிறது. இன்றும் கறிவேப்பிலை வாங்க சைக்கிள்தான். ஹேண்டில்பாரில் மஞ்சப்பையை மாட்டினால் வண்டி இடதுபக்கம் இழுக்கும். தேங்காய் இருந்தால் முழங்காலில் ‘டொக்’கென்று இடிக்கும். பெட்ரோல் விலையை மட்டும் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொள்கிறேன். முன்பு மாடியேறினால் மூச்சு வாங்கும். இப்போது வீட்டுக்காரம்மா கூப்பிட்டதும் ஏறிவிடுகிறேன். இது நன்மையா என்று யோசிக்க வேண்டும்.

ஆவடி–பூந்தமல்லி சாலையில் தண்ணீர் லாரியோடு மல்லுக்கட்டாதீர்கள். விடியற்காலையில் ஏரிப்பக்கத் தெருக்களில் ஓட்டுங்கள். கிளம்புமுன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். பெல் வேலை செய்கிறதா? அந்தக் கார்க்காரர் வீட்டைத் தாண்டும்போது இரண்டு தடவை அடியுங்கள்.