உள்ளட்டையும் உபதேசமும்: ஒரு பசையியல் ஆய்வு

சப்பாத்தின் உட்புறத்தில், பாதம் நேரடியாகப் படியும் இடத்தில் விரிக்கப்பட்டிருக்கும் மெல்லிய மெத்தைத் துண்டு உள்ளட்டை எனப்படும். கந்தோருக்குப் போகிறவர்களும் பாடசாலை ஆசிரியர்களும் அதை 'இன்சோல்' என்றே வழங்குவர். எதிலீன் வைனைல் அசற்றேற்று, சுருக்கமாக ஈ.வி.ஏ., எனப்படும் நுரைப்பொருளில் வெட்டப்பட்டு, மேலே துணியோ செயற்கைத் தோலோ போர்த்தப்பட்டு வரும் இது, பல சப்பாத்துகளில் குதிகால் பக்கத்தில் மட்டும் இரண்டு விரலகலத்துக்குப் பசை கண்டிருக்கும். முழு நீளத்துக்கும் தடவியிருந்தால் தொழிற்சாலை எவ்வளவு நட்டப்பட்டிருக்கும் என்பதை உற்பத்தியாளர்தாம் விளக்க வேண்டும்.

உள்ளட்டை கழன்றுவருவது உலகம் முழுவதற்கும் பொதுவான குறைதான் என்றாலும், அம்பாறைக் கரையோரத்தின் முஸ்லிம் ஊர்களில் அது தனிச்சிறப்பு வாய்ந்த நோயாக வளர்ந்திருப்பதற்குக் காரணங்கள் உள்ளன. வேறிடங்களில் காலையில் மாட்டிய சப்பாத்து மாலையில்தான் கழற்றப்படும். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள கந்தோர்க்காரரின் சப்பாத்தோ, நண்பகல் தொழுகையாகிய லுஹருக்கு ஒரு தடவையும் பிற்பகல் தொழுகையாகிய அஸருக்கு ஒரு தடவையும் பள்ளிவாசல் படியில் கழற்றப்பட்டு மீண்டும் மாட்டப்படுகிறது. அதிலும், தொழுகைக்கு முன் முகத்தையும் கைகால்களையும் கழுவி, தலையை ஈரக்கையால் தடவித் தூய்மை செய்துகொள்வதாகிய வுழூவைக் கந்தோர்க் குழாயிலேயே முடித்துக்கொண்டு, ஈரக்காலைத் துடைக்கப் பொறுமையின்றி அப்படியே சப்பாத்துக்குள் நுழைத்துப் பள்ளிக்கு விரைவோர் பலர். ஈரப் பாதத்துக்கும் உள்ளட்டைக்கும் இடையில் உண்டாகும் நீர்ப்படலம் தொழிற்சாலைப் பசையைவிட நன்றாகப் பிடிக்கிறது. ஆதலால், தொழுகை தொடங்கிவிட்டதை அறிவிக்கும் இகாமத் சொல்லப்படும் நேரத்தில் அவசரமாக உருவப்படும் கால், குட்டியைக் கவ்விய பூனைபோல உள்ளட்டையையும் வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. திரும்பச் செருகும்போது, கடற்கரை வீதிகளில் என்றும் குறைவில்லாத மணல் அதனடியில் குடியேறுகிறது. மணல் படிந்த இடத்தில் தடவப்படும் பசை சப்பாத்தைப் பற்றாது, மணலையே பற்றும். சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ கலைந்த பின்னர், இடக்கால் உள்ளட்டை நடுவில் மடிந்து சுருண்ட நிலையில் கல்முனை பசாரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்க நேர்ந்த ஒருவரின் எரிச்சலே இவ்வாய்வின் உடனடித் தூண்டுதல் என்பதும், அவ்வெரிச்சல் இன்னும் தணியவில்லை என்பதும் நேர்மை கருதி இங்குக் குறிக்கப்படுகின்றன.

எந்தப் பசையைத் தேர்வது என்பதே கட்டுரையின் பொருள். அதற்குள் நுழையுமுன், ஊரார் கருத்துகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவது முறை. கழன்ற உள்ளட்டையைக் கையில் பிடித்தபடி ஒருவர் பள்ளிவாசல் படியில் நின்றால், அவர் வாய் திறவாமலே ஆலோசனைச் சபை கூடிவிடும். அச்சபையின் தீர்ப்புகளை ஒருங்கே வைத்து நோக்குவோருக்கு ஒரு விதி புலப்படும். அதனைத் தொழில்வழிப் பசைக் கொள்கை எனலாம். ஒட்ட வேண்டிய பொருள் எதுவாயினும், ஒவ்வொருவரும் தத்தம் தொழிலில் புழங்கும் பசையையே பரிந்துரைப்பர் என்பது அதன் சாரம்.

தச்சுவேலை செய்பவர் வெள்ளைக் கம்மைச் சொல்வார். பொலிவைனைல் அசற்றேற்றின் நுண்துளிகள் நீரில் மிதக்கும் கலவையாகிய இது, அந்நீரை மரம் உறிஞ்சிக்கொள்ள இறுகிப் பலகைகளைப் பிணைக்கும். நுரைமெத்தை நீரை உறிஞ்சாது. ஆகவே பசை உள்ளே நீண்ட நேரம் ஈரமாகவே கிடந்து, ஒருவாறு காய்ந்தாலும் அடுத்த ஈரக்காலில் மீண்டும் இளகும். இதை எடுத்துரைத்தால், தம் வாப்பா செய்த அலுமாரி இன்றும் அசையாமல் நிற்கிறது என்பார் அவர். அலுமாரிக்கு நடக்கும் வேலை இல்லை என்று பதில் சொல்லும் துணிவு சபையில் எவருக்கும் வருவதில்லை.

குழாய் பொருத்துபவர் பீ.வி.சி. கம்மைச் சொல்வார். அது வழக்கமான பொருளில் ஒட்டுவதே இல்லை. குழாயின் மேற்பரப்பைச் சற்றுக் கரைத்து, கரைந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும் கரைப்பான் கலவை அது. அதே செயலைச் சப்பாத்துக்குள் நிகழ்த்தினால் எது கரையும், எவ்வளவு கரையும் என்பது சப்பாத்து எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. 'ஒருக்காப் போட்டாப் பொறகு கழரவே கழராது' என்று அவர் தரும் உத்தரவாதமோ எதையும் பொறுத்ததன்று.

சைக்கிள் கடைக்காரர் சொலுஷனைச் சொல்வார். கரைப்பானில் கரைத்த இறப்பராகிய இதனை, பரப்பை அரத்தாளால் உரசி, தடவி, காயவிட்டு, அதன் பின்னரே அழுத்தும் முறை அவரிடம் உண்டு. சபையில் உண்மைக்கு மிக அருகில் நிற்பவர் இவரே. வயதில் எல்லாரிலும் இளையவர் என்பதால் இவருடைய சொல் எடுபடுவதில்லை.

கடற்றொழில் செய்பவர் ரெசினைச் சொல்வார். 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமியில் அழிந்த தோணிகளுக்கு ஈடாகக் கண்ணாடியிழைப் படகுகள் நன்கொடையாக வந்து குவிந்த காலந்தொட்டு, பொலியெஸ்டர் ரெசினையும் அதனை இறுகச்செய்யும் ஹாட்னரையும் கலந்து ஓட்டை அடைக்கும் கலையில் தேர்ந்தவர்களுக்குக் கரையோரத்தில் குறைவில்லை. கண்ணாடியிழைப் பாயோடு சேர்ந்து இறுகிய ரெசின் அலையையே தாங்கும் என்பது உண்மைதான். உள்ளட்டையின் அடியில் இறுகும்போது, நடையில் வளைய வேண்டிய இடத்தில் அது வளைய மறுத்து முறிகிறது. கடலில் போகும் பொருளுக்கும் காலில் போடும் பொருளுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அவர் ஏற்பதில்லை.

மருதமுனையின் நெசவுக் குடும்பத்து மூதாட்டி கஞ்சியைச் சொல்வார். பாவு நூலுக்கு விறைப்பூட்டும் மாப்பொருளே, கோதுமை மாவாகக் காய்ச்சப்படும்போது சுவரொட்டிப் பசையாகிறது. அவர் முன்வைக்கும் சான்றும் இலேசானதன்று: கட்டுப்பணம் இழந்த வேட்பாளரின் முகம் அடுத்தடுத்த மாரி மழைகளைக் கடந்தும் மதிலில் சிரித்துக்கொண்டிருக்கிறது அல்லவா? வேட்பாளரின் முகத்தை, விருப்பமுடையோர் பலர் இருப்பினும், எவரும் நாள்தோறும் மிதிப்பதில்லை என்பதும், மாப்பசையைக் கரப்பான்கள் தேடிவந்து தின்னும் என்பதும் இதற்கான எதிர்வாதங்கள்.

ஆசிரியர் இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சொல்வார்; பாடசாலைக் கண்காட்சி முடியும்வரை படங்களைத் தாங்கி நிற்பதே அதற்கு விதிக்கப்பட்ட ஆயுள். வங்கி உத்தியோகத்தர் ஸ்டேப்ளரை எடுத்துக் காட்டுவார். அவரை இவ்வாய்வு பொருட்படுத்தவில்லை.

எத்தொழிலையும் சாராத, அதனாலேயே எல்லாராலும் ஒரே குரலில் வழங்கப்படும் இறுதித் தீர்ப்பு ஒன்றுண்டு: 'சூப்பர் குளூ ஒரு சொட்டுப் போதும், மச்சான்.' சயனோஅக்ரிலேற்று என்னும் இப்பொருளை 1942இல், துப்பாக்கிக் குறிநோக்கிக்கு வேண்டிய தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடியபோது எதிர்கொண்ட ஈஸ்ட்மன் கோடக் நிறுவன விஞ்ஞானி ஹரி கூவர், தொட்டதிலெல்லாம் ஒட்டித் தொல்லை தருகிறது என்று ஒதுக்கிவைத்தார். 1958இல்தான் அது பசையென்று சந்தைக்கு வந்தது. உள்ளட்டையைப் பொறுத்தவரை அவரது முதல் முடிவே சரியானது. ஈரம் பட்டு இறுகும் இயல்புடைய இப்பசையின் குழாயைக் கடற்காற்று வீசும் ஊரில் ஒருமுறை திறந்தால், மறுமுறை அதிலிருந்து எதுவும் வராது. மூடி குழாயோடும், குழாய் விரலோடும், விரல் பக்கத்து விரலோடும் ஒன்றிவிட, உள்ளட்டை மட்டும் தனித்து நிற்கும். பருத்தித் துணி போர்த்திய உள்ளட்டையில் தாராளமாக ஊற்றினால் வெப்பம் கிளம்பிப் புகையவும் செய்யும். எல்லாம் கூடிவந்து ஒட்டிக்கொண்டாலும், இறுகிய பசைக்கு வளையும் குணம் இல்லாமையால், சில நாள் நடையில் அது செதில்செதிலாக உடைந்து குதிகாலைக் குத்தும். ஆயினும் கல்லாகிப்போன சூப்பர் குளூக் குழாய் ஒன்றேனும் கிடக்காத லாச்சி இக்கரையோரத்தில் இராது. அதனை எறிந்துவிடுவதும் இவ்வூர்களில் வழக்கமன்று.

உள்ளட்டை குறித்து அறிவுரை எதுவும் கூறாதவர் ஊரில் ஒருவரே. அவர் பசாரின் ஓரத்தில் குடைவிரித்து அமர்ந்து சப்பாத்துத் தைப்பவர். இத்துறையில் அவர் உரைத்த முழு நூலும் 'வெச்சிட்டுப் போங்க, அஸருக்குப் பொறகு வாங்க' என்பதுதான். அவருடைய தகரத்தில் தேன்நிறத்தில் இருப்பது தொடுபசை. அதாவது, இரு பரப்புகளிலும் தடவிச் சற்று உலரவிட்டபின், ஒன்றையொன்று தொட்ட மாத்திரத்தில் பற்றிக்கொள்ளும் பசை. 1930இல் அமெரிக்காவின் டூபொன்ட் ஆய்வுகூடத்தில் உருவான நியோபிரீன் என்னும் செயற்கை இறப்பர் இவ்வகைப் பசைகளுக்குப் பரவலான அடிப்படை. இறுகிய பின்னும் வளையும் என்பதும், வியர்வைக்கும் நீருக்கும் எளிதில் அசையாது என்பதும் அதன் சிறப்புகள். பழைய பசையையும் மணலையும் சுரண்டி எடுத்து, மெல்லிதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, பின்பு தட்டி அழுத்த வேண்டும். ஹாட்வெயார் கடையில் அதே பசையை வாங்கிச் செல்பவர் மூன்றாம் நிமிடத்திலேயே பொறுமையிழந்து ஒட்டிப் பார்க்கிறார். அதுவும் கோணலாக ஒட்டுகிறார். தொடுபசையில் ஒட்டியதைத் திருப்பி நகர்த்த இடமில்லை என்பதால், அன்றுதொட்டு அவரது நடையும் கோணலாகிறது. பழியோ பசையின் மீது விழுகிறது.

எந்த வணிகப்பெயரில் வரும் பசை சிறந்தது, எந்தக் கடையில் அது காயாமல் கிடைக்கும் என்னும் மூல வினாக்களை ஆராய இதற்கு மேல் இடமில்லை. சப்பாத்துக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்தவர், அதைக் காப்பாற்றும் கைக்குச் சிறு கூலி கொடுக்க மனமின்றி, அதனிலும் கூடிய விலைக்கு ஏழு வகைப் பசைகளை வாங்கிச் சேர்ப்பது ஏன் என்பதும் தனியாக ஆராயத்தக்கது. வாசகர்களிடம் வேண்டப்படுவது ஒன்றே: பள்ளிவாசல் படியில் உள்ளட்டையும் கையுமாக ஒருவர் நிற்கக் கண்டால், ஸலாம் சொல்லிவிட்டுக் கடந்து செல்லுங்கள், எந்தப் பசையின் பெயரையும் சொல்லாதீர்கள்.