வாழ உகந்த ஊர்: கிளிநொச்சி

வாழ உகந்த நகரங்களின் பட்டியலில் வியன்னா வருகிறது, சூரிச் வருகிறது. கிளிநொச்சியை மட்டும் ஏனோ காணோம். நீர்நிலை இல்லையென்று சொல்ல முடியாது. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் கட்டத் தொடங்கிய இரணைமடுக் குளம் இருக்கிறது.

காலநிலையும் குழப்பமில்லாதது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை, மிச்ச மாதங்களில் வெயில். இடையில் கச்சான் காற்று வந்து புழுதியை வீட்டுக்கே கொண்டுவந்து தரும். கட்டணமில்லை.

பொழுதுபோக்கா? வான் கதவு திறந்தால் ஊரே குளக்கட்டில் நிற்கும். வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் செல்பி எடுப்பார், மாமா நீர்மட்டத்தை அடிக்கணக்கில் விளக்குவார். புனரமைத்த குளத்தை 2018 டிசெம்பர் 7ஆம் திகதி ஜனாதிபதி சிறிசேன திறந்துவைத்தார். இரண்டு வாரத்தில் பெருமழை. பார்க்கப் போகச் சிரமப்பட்டவர்களின் வீட்டு வாசலுக்கே வெள்ளம் வந்தது. பிறகு விசாரணைக் குழு வந்தது. அதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது.

கோடையில் வேறு விளையாட்டு: சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் போட்டு இழுபறிப்படுவது. குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் என்ற பேச்சு எழுந்தால் ஆட்டம் இன்னும் சூடுபிடிக்கும்.

குளம் பார்க்க வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று: ரசித்து முடித்ததும் பிளாஸ்ரிக் போத்தலைக் கையோடு எடுத்துப் போங்கள். கட்டுக்குக் கீழே இருப்பது பூங்கா அல்ல, வயல்.