காளிங்கராயன்: ஆளா, வாய்க்காலா?

கேள்வி: காளிங்கராயன் என்பது ஆளின் பெயரா, வாய்க்காலின் பெயரா, ஜமீனின் பெயரா?

பதில்: மூன்றும்தான். ஆனால் முதலில் அது அரசன் தந்த பட்டம். முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் நரலோகவீரனே ஒரு காளிங்கராயன். பாண்டியர் அதிகாரிகள் பலருக்கும் அதே பட்டம் உண்டு. பிள்ளைக்குப் போகும் சொத்தாக அது அப்போது இல்லை.

கொங்கில் அது சாத்தந்தை குலத்து லிங்கையக் கவுண்டருக்கு வாய்த்தது. பாண்டியன் கொடுத்தான் என்பது மரபு. பவானியில் அணை கட்டி அவர் வெட்டிய வாய்க்கால் 1283-ல் முடிந்ததாகச் சொல்வார்கள். ஈரோடு வழியாகக் கொடுமுடிப் பக்கம் வரை சுமார் 90 கி.மீ. ஓடுகிறது. பாம்பு ஊர்ந்து வழிகாட்டியதாகக் கதை. வளைவுகளைப் பார்த்தால் பாம்பின் மேல் சந்தேகம் வராது. சொந்த லாபத்துக்கு வெட்டினார் என்று ஊர் பேசியதாம். அந்தத் தண்ணீரைத் தன் வம்சம் தொடாது என்று சபதம் செய்து, பொள்ளாச்சி அருகே ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்கிறது மரபு. (வெண்ணெய் ஊத்துக்குளி வேறு, அது திருப்பூர்ப் பக்கம்.)

அங்கே பட்டம் பரம்பரையாகி, பாளையத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வெள்ளையர் காலத்தில் பாளையம் ஜமீன் ஆனது. பெரிய ஜமீன்கள் பங்கு போடப்படாமல் ஒரே வாரிசுக்கு, பெரும்பாலும் மூத்த மகனுக்கு, போகும் வழக்கத்தை 1904-ம் ஆண்டுச் சென்னைச் சட்டம் உறுதி செய்தது, தம்பிகளுக்கு ஜீவனாம்சம். 1948 சட்டம் ஜமீன்களையே ஒழித்தது. 1950-ல் அரசியலமைப்பின் 18-ம் பிரிவு, ராணுவ, கல்விச் சிறப்புகள் தவிர, அரசு பட்டம் வழங்குவதைத் தடுத்தது. வாய்க்காலுக்கு மட்டும் பட்டம் பறிபோகவில்லை.